அவர் வாயால் கேட்டது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

நான் மருந்து வாங்கித் திரும்பி வருவதற்குள், இவர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வரிசையில் போய் நின்றுவிட்டார். "போர்டுல போட்டிருக்குல்ல, படிக்கத் தெரியாதா?" என்று நர்ஸ் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். "கண்ணாடிய மறந்துட்டேம்மா" என்றார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது.

கல்யாணமான புதிதில், சினிமாவில் திரையில் வரும் பெயர்களை வாசிக்கச் சொல்வார். ஆசையில் கேட்கிறார் என்று காதோரம் சாய்ந்து வாசிப்பேன். விஷயம் தெரிந்த பிறகும் அப்படித்தான் வாசித்தேன். அந்த இருட்டில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், என்னைக் கேட்காமல், பக்கத்தில் நின்றவரிடம் இவரே போனார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இது கீரனூர் போகுமா?"

முப்பது வருஷத்தில் அவர் அதைச் சொல்லிக் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் முதலில் ஏறி சீட்டைத் தட்டி, "வா, இங்கிட்டு ஒக்காரு" என்றார்.