பவுடரைக் கலந்தது நீங்கள் இல்லை

என் அருமைச் சம்பந்தி,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் மகள் மீரா உங்கள் மகன் ஆதவனைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு நீங்கள் சம்பந்தி, அவ்வளவுதான். இப்போது மட்டும் எதற்குப் பெயர்? நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது; வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டத்திவசம். அதற்கு ஆதவன் போடும் சின்னப் புத்தகத்தில் எனக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி அம்மா நன்றாக இருக்கிறார்; முழங்கால் வலி மட்டும் அப்படியே. பேத்தி யாழினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நாம் தமிழில் கேட்டால் அவள் இன்னும் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள், ஆனால் உங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், அப்பாவின் அப்பாவை உங்கள் ஊரில் கூப்பிடுகிற மாதிரி, ‘அப்பப்பா’ என்று அழுத்தமாகச் சொல்கிறாள். நீங்கள் ஓட்டிய ரூட்டில் இப்போது மின்சார பஸ் விட்டிருக்கிறார்கள். சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறது, உங்களுக்குப் பிடித்திருக்காது.

எதற்கு இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வருடம் உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு, உங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். எங்கள் திருச்சிப் பக்கம் அந்த வழக்கம் கிடையாது. ஆதவன் கேட்டான் என்று நானும் ஒரு பக்கம் எழுதினேன். ‘கடைசிக் காலத்தில் ஞாபகம் தடுமாறியபோதும் சிரிப்பை மறக்காதவர்’ என்று அதில் ஒரு வரி. படித்தவர்கள் கண்கலங்கினார்கள். அந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும், சம்பந்தி. முந்நூறு பிரதியில் அச்சேறிய பொய்யை ஃபோனில் நாலு பேரிடம் சொல்லித் திருத்த முடியுமா?

நம் கதையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்த புதிதில் நமக்குப் பேச எதுவும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்து நீங்கள் பஸ் டிரைவர், நான் ஹென்டர்சனில் மருந்துக் கடை பார்மசிஸ்ட். ‘சாப்பிட்டீங்களா’, ‘ஓம், சாப்பிட்டன்’ என்பதோடு முடிந்துவிடும். ஒருநாள் நீங்களே என்னை உங்கள் பிஸ்டல் கிளப்புக்குக் கூட்டிப் போனீர்கள். நான் வாயைப் பிளந்தேன். “ஊரில துவக்குச் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடி ஒளிஞ்சனாங்கள் சம்மந்தி. இஞ்ச காசு குடுத்துச் சுடுறம்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஒரு காகித வட்டம், அதைத் தவிர வேறு எதையும் நினைக்காத அரை மணி நேரம். அதற்காகத்தான் வருகிறேன் என்றீர்கள். அடுத்த வருடமே நானும் லைசென்ஸ் எடுத்து உறுப்பினரானேன். என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுவி, புது வெடிமருந்துப் பவுடரும் குண்டும் வைத்து மறுபடி நிரப்புவதை நாம் த்ரீ கிங்ஸில் என் வீட்டுக் கராஜில் செய்தோம். உங்கள் வீட்டில் முடியாது. அந்தப் புகை வாசனை சட்டையில் இருந்தாலே சம்பந்தி அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஊரில் அவர் பட்டதை நீங்கள் ஒருநாளும் விவரமாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. “மணக்காத பவுடர் ஒண்டு வேணும், கையில கரி ஒட்டாத பவுடர்” என்று மட்டும் சொன்னீர்கள்.

அதுதான் நம் இரண்டு வருட வேலை. கடையில் கேட்டால் எல்லாப் பவுடரும் சுத்தமாக எரியும் என்பார்கள். நாம் நம்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா நிரப்பி, சுட்டு, குழலுக்குள் வெள்ளைத் துணித்துண்டை ஒருமுறை விட்டு எடுத்து அட்டையில் ஒட்டினோம். ஒன்று அடுப்புக்கரி. ஒன்று எரியாத துகளை மேசையெல்லாம் ரவை மாதிரி சிந்தியது. ஒன்றை, மென்மையாகச் சுட வேண்டும் என்று குறைந்த அளவில் போட்டபோது கன்னங்கரேல் என்று இருந்தது. அதையே பவுடர் அளவுப் புத்தகத்தில் சொன்ன அளவின் நடுவுக்குக் கொண்டுவந்தபோது துணி சாம்பல் நிறத்துக்கு வந்தது. போதிய அழுத்தம் இல்லாவிட்டால் நல்ல பவுடரும் அரைகுறையாகத்தான் எரியும் என்று அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது. “குறைச்சுப் போட்டாக் கரி, கூட்டிப் போட்டா ஆபத்து. உங்கட மருந்துக்கடைதான் சம்மந்தி இது” என்றீர்கள். எனக்கு எவ்வளவு பெருமை!

கடைசியாக ஒன்று கிடைத்தது. துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போனபோது சம்பந்தி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு முகச்சுளிப்புகூட இல்லை என்று ஃபோன் போட்டுச் சொன்னீர்கள். அப்படி ஒரு குரலில் நீங்கள் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு போத்தல்தான் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் விதி. அதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவன் நான்தான். அந்த விதியை மீறியவனும் நான்தான். நாம் முன்பு போட்டுக்கொண்டிருந்த பழைய பவுடரையும் புதியதையும் கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டு ஃபோட்டோ எடுத்துக் கிளப்பில் காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இரண்டு போத்தலையும் எடுத்து வைத்தேன். “ஒண்டை உள்ள வையுங்கோ” என்றீர்கள். “முப்பத்திரண்டு வருஷம் மருந்துக் கடையில நின்னவன் சம்பந்தி, எனக்கா போத்தல் மாறும்?” என்றேன்.

முதலில் புதிய பவுடரை அளவுக் கருவியில் போட்டு நிரப்பினோம். மீந்ததை நீங்கள் புதிய போத்தலிலேயே கொட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சரியாகத்தான் கொட்டினீர்கள். பிறகு பழையதைப் போட்டோம். அது முடிந்ததும் நீங்கள் கை கழுவ உள்ளே போனீர்கள். என் வீட்டுக்காரி தேத்தண்ணி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். கருவியில் மீந்திருந்த பழைய பவுடரை நான் கொட்டி, மூடியைத் திருகிவிட்டு உள்ளே வந்தேன். கொட்டியது புதிய பவுடர் போத்தலில். இரண்டும் சாம்பல் நிறச் செதில்தான், இருந்தாலும் லேபிளைப் பார்க்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது.

அடுத்த வாரம் அந்தப் போத்தலிலிருந்துதான் நிரப்பினோம். மேலே கிடந்த பழையது வேகமாக எரிகிற பவுடர். புதியதற்கு உரிய அளவில் அதை அளந்துவிட்டோம்; அதற்கு அந்த அளவு மிக அதிகம். நீங்கள்தான் முதலில் சுட்டீர்கள். சத்தம் கேட்டதுமே வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிஸ்டல் இறுகி நின்றுவிட்டது, கூடு வீங்கியிருந்தது, உங்கள் பெருவிரலடியில் ஒரு கீறல். ரேஞ்ச் ஆபீசர் எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். உங்கள் கண் தப்பியது தெய்வாதீனம்.

வீட்டுக்கு வந்து அந்தப் போத்தலை வெள்ளைத் தட்டில் கொட்டினோம். பெரிய செதிலும் சின்னச் செதிலும் கலந்து கிடந்தன. பார்த்த அந்த நொடியே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, சம்பந்தி. நீங்கள் தட்டைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: “நான்தானே கொட்டினனான். நான்தானே கலந்திருப்பன்?”

நான் என்ன சொன்னேன்? “விடுங்க சம்பந்தி, வயசாகுது இல்ல” என்றேன். ஆறுதல் சொல்கிற மாதிரி முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன். அடப்பாவி என்று நீங்கள் இப்போதாவது என்னைத் திட்ட வேண்டும். ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். பெண்ணைக் கொடுத்த வீட்டில், பஸ் ஓட்டுகிற சம்பந்தி முன்னால் தலை குனிய எனக்கு மனம் வரவில்லை. இதுதான் உண்மை. இதற்குமேல் அழகாக ஒரு காரணம் என்னிடம் இல்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நாளைக்குள் நீங்கள் பிஸ்டலைக் கிளப்பில் ஒருவருக்கு விற்றுவிட்டீர்கள். பத்தொன்பது வருடம் ஒரு சைக்கிளைக்கூட உரசாத ஆள், வேலையே வேண்டாம் என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டீர்கள். ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், எல்லாம் செய்தீர்கள். வயதுக்கு ஏற்ற மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். “அப்ப பவுடரைக் கலந்தது ஆர், டொக்டர்?” என்று அவரையே கேட்டீர்கள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

யாழினியைக் காரில் ஏற்றுவதையும் விட்டுவிட்டீர்கள். “பிள்ளையை வச்சுக்கொண்டு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா?” என்று, மழையிலும் குடை பிடித்துக்கொண்டு மவுண்ட் ராஸ்கில் ஏற்றத்தில் நடத்தியே பள்ளிக்கூடம் கொண்டுபோனீர்கள். அவள் “ஒய் காண்ட் வி டிரைவ்?” என்று காலை உதைத்துக்கொண்டு போவாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளை விட்டுவிட்டுத் திரும்பி ஏறிவரும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், பிறகு எழவே இல்லை. மாரடைப்பு எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். காரில் போயிருந்தால்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

இதோடு போயிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா, தெரியாது. போன மாதம் மீரா அழுதுகொண்டு வந்தாள். ஆதவன் கார்ச் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடியிருக்கிறான், அதற்குப் போய், அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருகிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறான். வயது முப்பத்தெட்டு. இரண்டாவது பிள்ளை வேண்டாம், நாளைக்கு யார் பார்ப்பது என்கிறானாம். நான் செய்த பிழை உங்களோடு முடியவில்லை, உங்கள் மகன் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

போன ஞாயிறு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். போத்தலை மாற்றியது நான், உங்கப்பாவுக்கு ஒரு வியாதியும் இல்லை என்றேன். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அப்பா உங்களிட்ட நேரடியாக் கேக்கவே இல்லையா மாமா?”

“கேக்கல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றேன்.

பாருங்கள், அப்போதும் பொய். நீங்கள் கேட்டீர்கள். டாக்டரிடமிருந்து திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். பென்ரோஸ் பக்கம் சிக்னலில் நின்றோம். ஜன்னலைப் பார்த்தபடி இருந்தீர்கள், பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். “சம்மந்தி, எனக்கு ஒருக்காக் கொட்டினதுதான் ஞாபகம். ரெண்டாந்தரம் கொட்டினது ஆர்? நானா, நீங்களா? யோசிச்சுச் சொல்லுங்கோ, எனக்கு அதுதான் தெரிய வேணும்.” கோபமில்லை, குற்றம் சாட்டவில்லை. பயந்துபோயிருந்தீர்கள். உங்கள் மனது சரியாக இருக்கிறது என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“நீங்கதான் சம்பந்தி” என்றேன்.

“ஓம், நானாத்தான் இருக்கும்” என்றீர்கள். உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது, கூட்டிக்கொண்டு போய் வந்ததற்கு எனக்கு நன்றி சொன்னீர்கள்.

இந்தக் கடிதத்தை அச்சகத்துக்கு அனுப்பும் முன் ஆதவன் கையில் நானே கொடுப்பேன். அவன் கடைசி வரிவரை படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி அம்மா முன்னாலும், வந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் இதை வாய்விட்டுப் படிப்பேன்; அவன் என்னை அந்த வீட்டு வாசலில் ஏற விட்டால். விடாவிட்டால் வாசலுக்கு வெளியே தெருவில் நின்று படிப்பேன். உங்களுக்கு எல்லாம் சரியாக ஞாபகம் இருந்தது, சம்பந்தி. நீங்கள் ஒருமுறைதான் கொட்டினீர்கள்.

நீங்கள் கேட்டும் சொல்லாத,
உங்கள் சம்பந்தி