வைக்கோல் வாசம்

பாலக்கரை, திருச்சி
18-5-1966

அன்புள்ள தம்பி ஜெகபர் சாதிக்குக்கு,

அருள்நாதனின் பாட்டி வியாகுலம்மாள் எழுதிக்கொள்வது. பம்பாயில் உன் உடம்பு சௌக்கியமா? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அவன் போய் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. உன் அம்மா வந்து, பூசை முடியும்வரை கோயில் வாசலில் வெயிலிலேயே நின்றாள்.

நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனாலும் என் பேரன் என்ன ஆராய்ச்சி செய்தான் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. குளோரோபாரத்தைப் பழுக்கக் காய்ந்த குழாய்க்குள் விட்டு உடைப்பான். உடைந்து வருவது என்னென்ன வாயு என்று குரோமட்டோகிராப் மிஷின் காகிதத்தில் மலை மலையாக வரைந்து காட்டும். ஒவ்வொரு மலைக்கும் எனக்குப் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அன்று மத்தியானம் வந்தவன், "லேபில புது வைக்கோல் வாசம் அடிச்சுது பாட்டி" என்றான். "காலேஜுல மாடு கட்டியிருக்காங்களாடா?" என்று கேட்டேன். சிரித்தான், இருமினான். தண்ணீர் எடுக்கச் சொன்னேன். தெருக் குழாயிலிருந்து பன்னிரண்டு குடம் சுமந்தான். விடியும்போது வாயில் நுரை.

பிறவியிலேயே பலவீனமான இருதயம் என்று கல்லூரியில் எழுதி முடித்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்துப் பக்கம் வெள்ளத்தில் கொள்ளிடத்தை நீந்தினவனுக்கு! புத்தூர் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: அது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாம், புது வைக்கோல் வாசம்தான் அடிக்குமாம். குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் உண்டாகுமாம். சுவாசித்தவன் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். லேபில் இருந்தவர்கள் யாராவது சொன்னாலொழிய அவரால் எழுதிக் கொடுக்க முடியாதாம்.

அவனுக்கு முன்னால் அதே குழாயில் வேலை செய்த நீ எழுதின கடிதம் அவன் புத்தகத்துக்குள் இருந்தது. "குழாயில் விரிசல் விட்டுவிட்டது, பூச்சுப் பூசி வைத்திருக்கிறேன், என் சர்டிபிகேட் கைக்கு வரும்வரை புரொபசரிடம் சொல்லாதே" என்று எழுதியிருக்கிறாய். அவன் சொல்லவில்லை.

லேபை இப்போது பூட்டி வைத்திருக்கிறார்கள். ஜூன் பதிமூன்றாம் தேதி திறந்ததும் அக்னஸ் என்ற பெண் அதே குழாயில் வேலை தொடங்குகிறாள். எங்கள் கோயிலில் பாடுகிற பிள்ளை. நீயே புரொபசருக்கு எழுது, தம்பி. எழுதாவிட்டால் அன்று காலை உன் கடிதத்தோடு நான் போய் நிற்பேன். என்னை அப்படிப் போக வைக்காதே.

குடம் சுமக்க வைத்தவள் நான்தான். அதைக் கேட்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல மூச்சும் நிறைந்த ஆயுசும் தரட்டும்.

உன் பாட்டி,
வியாகுலம்மாள்