மாறன் என்கிற சுதன்

அண்ணே,

உன் லாக்கரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் நீலகிரித் தைல வாசம்தான் முகத்தில் அடித்தது. உன் இடத்துக்கு வந்த புது ஆளுக்கு லாக்கர் வேண்டுமாம். நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது, யாரிடம் காட்டுவது?

நான் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவேன். நீ கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து சைக்கிளில் வருவாய். இந்த இரும்பு மில்லின் ஃபர்னஸ் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்று வெந்தோம். உங்கள் நாட்டுச் சண்டையில் நீ துப்பாக்கி தூக்கியவன் என்பதை ரொம்பக் காலம் கழித்துத்தான் சொன்னாய். "ஒருத்தரும் என்னைப் பிடிச்சுக்கொண்டு போகேல்லை, தம்பி. நானாத்தான் போனனான்." அந்தக் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அலுப்புதான் இருந்தது.

இயக்கத்தில் சேர்ந்த அன்றே புதுப் பெயர் வைத்துவிடுவார்களாம். யாரும் யாருடைய சொந்தப் பெயரையும் ஊரையும் கேட்கக் கூடாது. ஒருவன் பிடிபட்டால் இன்னொருவன் குடும்பத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்று அப்படி ஒரு ஏற்பாடு. பதுங்குகுழியில் உன்னோடு கிடந்தவனுக்கு மாறன் என்று பெயர். ஷெல் விழுந்து செத்தான். நீதான் குழி வெட்டிப் புதைத்தாய். பெற்றவள் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது உனக்குத் தெரியாது.

முகாமில் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, சுவரில் மாட்டிய படத்தில் அதே மாறன் சிரித்துக்கொண்டிருந்தான். "என்ர மகன் சுதன். எங்கயோ உயிரோட இருக்கிறான்" என்றாராம் அந்த அம்மா. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நீ திரும்பி வந்துவிட்டாய்.

"இன்னாண்ணே நீ! இன்னும் எத்தினி நாளைக்கு நெஞ்சுல வெச்சிகினு பேஜார் படுவ? சொல்லிட்டு வந்துடேன்" என்று கத்தினேன்.

"சொன்னா, பிறகு அவா ஆருக்காகக் காத்திருக்கிறது?"

தினமும் தண்ணீர் மட்டும் சுமந்தாய். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லிப்போடு, தம்பி" என்றாய். நல்ல ஆளைப் பார்த்தாய், போ!

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் போனேன். "சண்டையில சுதனுக்கு மாறன்னு பேராம்மா. அண்ணன் அவன்கூடத்தான் இருந்துச்சாம். இப்ப அவன் இல்லம்மா. அண்ணன்தான் பொதைச்சிது" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கத்துவார், மார்பில் அடித்துக்கொள்வார், உன்னைத் திட்டுவார் என்றெல்லாம் பயந்துபோயிருந்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ, தம்பி?"

செத்த அன்றைக்கு அவன் சாப்பிட்டானா என்று நீ சொன்னதே இல்லையே அண்ணே. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல? "சாப்ட்டாம்மா" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சாப்பிட்டவன்?"