மீதி ரெண்டு

நவ. 4, செவ்.
தூறல். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடி. ராயபுரம் லேப்புக்கு மறுபடி லேட்டு. மேடம் மூஞ்சிய தூக்கி வெச்சிகினாங்க.

சேகர் நேத்து சலாலாவிலேர்ந்து போன். அங்க அரபு நாட்டு ஹார்பர்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்களாம். ஞாயிறுக்குள்ள கையெழுத்து. "நீ இன்னாமே சொல்ற?"ன்னான். "உன் இஷ்டம்"னேன். பொண்டாட்டி சொல்ற பேச்சா இது! இந்த வாய்க்கு இன்னா கேடோ.

நவ. 5, புத.
கேட். கூட்ஸ் வந்து நின்னுடுச்சு. எதிர்ல நின்ன வேகன் நம்பரைப் போட்டுப் பாத்தேன். மீதி ஏழு.

கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ஆட்டம் இது. அப்ப சேகருக்கு கூட்ஸ் யார்டுல வேகன் நம்பர் எழுதுற வேலை. பதினோரு இலக்கம். ஒண்ணு விட்டு ஒண்ணா கூட்டணும். ரெண்டு கூட்டும் சமமா வந்தா, இல்ல பதினொண்ணு வித்தியாசத்துல வந்தா, பதினொண்ணால வகுபடும். வகுபட்டா காசிமேடு பீச்சு, வறுத்த மீனு. இல்லன்னா அவங்கவங்க வூடு. திருட்டுப் பய, கடைசி இலக்கத்த மாத்திச் சொல்லியே பீச்சுக்கு இட்டுகினு போவான். தெரிஞ்சும் தெரியாத மாதிரி அவன் வண்டில பின்னாடி ஏறி உக்காருவேன்.

முடிவு பண்ணிட்டேன். ஞாயிறுக்குள்ள ஒண்ணு வகுபடட்டும், 'வந்துடு'ன்னு சொல்லிடறேன்.

வாங்க: பால், கொசுவத்தி, ஸ்கூட்டிக்கு பிரேக் ஒயர்.

நவ. 7, வெள்.
மீதி மூணு. நேத்து கூட்ஸே வரல. பேஜாரு.
அவன் வேணும். பக்கத்துல, அந்தப் பாழாப்போன குறட்டையோட வேணும். அவ்ளோதான்.
பால் திரிஞ்சிடுச்சு.

நவ. 8, சனி.
31061840724. மீதி ரெண்டு. ச்சே! கடைசி நாலு மட்டும் ரெண்டா இருந்தா வகுபட்டிருக்கும்.

ரெண்டுன்னே அடிச்சு அனுப்பிட்டேன். 31061840722. "வகுபட்டுச்சு. வந்துடு."

ஒடனே போன். சிரிக்கிறான். "இன்னாமே, நம்பர் எழுதுனவன் கிட்டயே டூப்பா? கடைசி இலக்கம் சும்மா வராது. முன்னாடி பத்துல, ரெண்டாவதுலேர்ந்து ஒண்ணு விட்டு ஒண்ண மூணால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டு. அறுபத்தாறு. அடுத்த முழுப் பத்து, எழுபதாவ நாலு வேணும், அந்த நாலுதான் கடைசி. இந்த நம்பர்ல ரெண்டுன்னு முடியற வேகனே கெடையாது."

"ஆமா, பொய்தான். நீ சொன்னதில்லியா?"ன்னேன். அப்புறம் வந்துடுச்சு வாய்ல. "வா மாமா."

சிரிப்பு நின்னுபோச்சு. "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி? இஷ்டம்னியேன்னு வியாழக்கிழமையே கையெழுத்து போட்டுட்டேன்."

ரெண்டு பேரும் போன வைக்கல. அங்க கிரேன் சத்தம். இங்க குக்கர்.

நவ. 10, திங்.
வெயில். பிரேக் ஒயர் மாத்தியாச்சு. கேட் கிட்ட வண்டிய நிறுத்திட்டு நின்னேன். பின்னாடி ஒரே ஹாரன். ஆட்டோக்காரர் தலைய நீட்டி, "யம்மா! கேட்டு தொறந்துதான் கீது. இன்னாத்துக்கு நின்னுகினு கீற? போ!"