சாய்த்து வைக்க வேண்டிய பீடம்

கொனாதுவின் அப்பாவுக்கு,

சர்பொமா எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அக்காவும் சுகம்தானே? குழந்தைக்கு இருமல் விட்டதா? கானாவின் இந்த வடக்குக் கோடியில், போல்கா ஆஸ்பத்திரி வேலையில், வறண்ட காற்றில் உதடு வெடித்ததைத் தவிர எனக்கொரு குறையுமில்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் கொனாதுவுக்கு வாராவாரம் எழுதியனுப்பும் இளவரசி கதையில், அவள் அம்மாவின் பீடத்தில் உட்கார வெள்ளைக்கார கவர்னர் துடிக்கிறான் அல்லவா? கதை பிடித்திருக்கிறதா என்று நேற்று போனில் கேட்டேன்.

"சூப்பர்மா! அத்தை கவர்னர் மாதிரியே கனைச்சுக் கனைச்சுப் படிப்பாங்க."

"இந்த வாரம் நான் போன்ல படிக்கட்டுமாடி?"

"வேணாம்மா, நீ மருந்துச்சீட்டு படிக்கிற மாதிரி படிப்ப. அத்தைன்னா உன் பீடத்துல உக்காந்து, என்னை மடியில வச்சுக்கிட்டுப் படிப்பாங்க."

நானும் சிரித்துவிட்டேன். புறப்படும்போது, நான் தினம் உட்காரும் அந்த மரப் பீடத்தை நானே சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். ஆளில்லாத பீடம் நிமிர்ந்திருந்தால் வேறு ஆவி வந்து குடியேறும் என்று, கல்யாணமான புதிதில் என்னை அதட்டியதே உங்கள் அக்காதான்!

ஷிட்டோ மிளகாய்த் தொக்கு ஒரு பாட்டில் அனுப்புங்கள். கொனாது போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றும், துவைக்காமல். பீடத்தை மறுபடி சாய்த்து வையுங்கள். நான் சொன்னதாக அக்காவிடம் சொல்லவேண்டாம். இந்த வாரக் கதையை நீங்களே படியுங்கள். கவர்னருக்கு மூக்கில் ஒரு மரு வைத்திருக்கிறேன், யாரையும் நினைத்து அல்ல.

பஸ் டிரைவர் கடிதத்துக்காக ஹாரன் அடிக்கிறார். இளவரசி அந்தப் பீடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். குழந்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள்
சர்பொமா