கெட்டுப்போன சாம்பிள்

என்னங்க,

போன வாரமே அக்கா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் ஆராய்ச்சியில் நோயாளிகளோடு ஒப்பிட, மன அழுத்தமே இல்லாத ஆள் வேண்டும் என்று, கண் விழித்ததும் என் எச்சிலைக் குழாயில் வாங்கிக்கொண்டு போனீர்கள். "வீட்ல சும்மாதானே இருக்கா, அவளுக்கென்ன டென்ஷன்?" என்று உதவியாளரிடம் போனில் சொன்னதும் என் காதில் விழுந்தது.

கார்டிசால் என்கிற அந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோன், உங்கள் நோயாளிகளைவிட எனக்கு எகிறியிருந்தது. உடனே, "சாம்பிள் கெட்டுப்போச்சு. டீ குடிச்சிட்டுத் துப்பினியா?" என்றீர்கள்.

டீயா! உங்கள் அம்மாவுக்கு மருந்து கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிய பிறகுதான் நான் டீயைக் கண்ணால் பார்ப்பதே.

கத்தினேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மூளையில செரோட்டோனின்ங்கிற ரசாயனம் குறைஞ்சா இப்படித்தான் எரிச்சல் வரும்" என்றீர்கள். மூளையைக் கரைத்துக் குடித்தவருக்கு எதிரில் நிற்பவளின் முகம் தெரியவில்லை.

இங்கே ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். இன்று காலை எடுத்த எச்சில், இந்தக் கடிதத்தோடு ஐஸ் பெட்டியில் வருகிறது. உங்கள் மிஷினில் போட்டுப் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால், எப்போது வருகிறாய் என்று கேட்டு போன் செய்யாதீர்கள். கெட்டுப்போனது எது என்று கண்டுபிடித்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் சும்மா இருந்தவள்