ஓரகத்தியின் மாற்றுச் சேலை

2024 ஏப்ரல் 12, வெள்ளி

கருவாட்டு வண்டி வந்தது. மாரீஸ்வரன் கருவாட்டை விற்றுவிட்டு, போகும்போது எங்கள் மிளகாயை ஏற்றிப் போவான். ஊரில் எல்லாருக்கும் அவன் கருவாட்டுக்காரன்தான். பேரும், பாம்பன் என்ற ஊரும், போன் நம்பரும் கேட்டு வைத்திருப்பது நான் மட்டும். இன்று தண்ணீர் கேட்டான். நான் சொம்பை எடுப்பதற்குள் கலைச்செல்வி கொடுத்துவிட்டாள். என் கொழுந்தன் தர்மராஜின் மனைவி. மாரீஸ்வரன் என்னவோ சொல்ல, சிரித்தாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வயிறு எரிகிறது.

ஏப்ரல் 13

அவள் அவனோடு சிரித்ததைச் சொல்லிவிட்டேன். தர்மராஜிடம் — நான்தான்.

களத்தில் காயும் மிளகாய் மேலேயே, உச்சி வெயிலில் அவளை முட்டி போட வைத்தான். மாமியார் உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு வெளியே கிளம்பினார். சாயங்காலம் அவள் முட்டியில் மோர் ஊற்றினேன். "நீங்க ஒருத்திதான்க்கா எனக்கு இருக்கீக" என்றாள்.

ஏப்ரல் 20

தாய்வீட்டுக்கு ஓடினாள். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் என்று மறுநாளே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இன்று அவள் நொண்டி நடப்பதையே மாரீஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்தான். அடி வாங்குகிறவளைப் பார்த்தும் பொறாமை வருமா? வருகிறதே. நான் என்ன பிறவி?

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

ராமேஸ்வரம். அக்கினி தீர்த்தத்தில் முங்கியதும், கட்டியிருந்த சேலையைக் கடலோடு விடுவது வழக்கம். கலைச்செல்வியின் பச்சைச் சேலை மிதந்து போனது. துணி மாற்றப் போயிருப்பாள் என்று ஒரு மணி நேரம் நின்றோம். மாற்றுச் சேலை என் பையில்தானே இருந்தது! யாருக்கும் உறைக்கவில்லை. சேலைக்குள் சுடிதார் போட்டிருந்தாளாம். அதோடு அவள் நழுவிப் போனதை வளையல் கடைக்காரம்மா பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 5

அவனோடுதான். எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 10

கருவாட்டு வண்டி வரவில்லை. தர்மராஜ் நேரே என்னிடம் வந்தான். "மதினி, அவன் எந்த ஊரு? நம்பரு இருக்கா?"

போன் கையில்தான் இருந்தது. கொடுத்தால் நாளைக்கே அவள் களத்தில் கிடப்பாள். கொடுக்கத்தான் நினைத்தேன், இங்கே எழுதுவதில் பொய் இல்லை. அந்த முட்டி நினைவுக்கு வந்தது.

"தொண்டிப் பக்கம்னு சொன்னாரு. நம்பரு எங்கிட்ட ஏது?"

உள்ளே போய் நம்பரை அழித்தேன். பத்து இலக்கமும் மனப்பாடம். என்ன செய்ய?

2025 ஜனவரி 29, தை அமாவாசை

மறுபடி ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் பஸ் போனபோது கண்ணை மூடிக்கொண்டேன். பொறாமை போய்விட்டதா? இல்லை.

அவளுடைய மாற்றுச் சேலையைத்தான் கட்டிப் போனேன். மாமியார் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். முங்கி எழுந்து அதைக் கடலோடு விட்டேன். பிறகு என் சேலையைக் கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.